வாதமும் வாய்மையும்: டிரெட் ஸ்காட் வழக்கு உணர்த்தும் பாடம்

மனிதரை அடிமைகொண்ட ஆட்சிகள் யாவும் சவுக்கைக் கையில் ஏந்தி நின்றன. அச்சவுக்கின் பின்னே சட்டம் இருந்தது. சட்டத்தின் பின்னே வாதம் இருந்தது. கற்றறிந்தோர் கூடி, ஏடுகளைப் புரட்டி, படிப்படியாக அடுக்கிய வாதத்தின் இறுதியில், 'ஆகவே இவன் அடிமை' என்று எழுதி முத்திரையிட்டனர். கேட்டோர் நெஞ்சம் அம்முடிபை ஏற்க மறுத்தபோதும், வாதத்தில் குற்றம் எங்கே என்று சுட்டிக்காட்ட இயலாமல் பலர் வாயடைத்து நின்றனர்.

நம் கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மலரில் இதனை எழுதுவதற்குக் காரணம் உண்டு. எழுதவும் படிக்கவும் அறிந்ததோடு கல்வி நிறைவெய்திவிடாது. பிறர் நம்மைக் குறித்து உரைக்கும் வாதத்தை எடைபோட்டுப் பார்க்கும் ஆற்றலும் கல்வியின் பயனேயாகும். அவ்வாற்றலுக்கு வேராகிய ஒரு வேறுபாட்டை அளவையியல் கற்பிக்கிறது. ஒரு கூற்று உண்மையா என்பது ஒரு கேள்வி. ஒரு வாதம் செல்லுமா என்பது வேறொரு கேள்வி. இவ்விரண்டையும் பிரித்தறிந்தோர் ஒரு பெருநாட்டின் வரலாற்றில் என்ன செய்தனர் என்பதை அமெரிக்காவின் டிரெட் ஸ்காட் வழக்கைக் கொண்டு காண்போம்.

இரு வேறு கேள்விகள்

வாதம் என்பது சில முன்கூற்றுகளையும் அவற்றிலிருந்து பெறப்படும் ஒரு முடிபையும் உடையது. முன்கூற்றுகள் உண்மையாயின் முடிபும் உண்மையாகியே தீரவேண்டும் என்னும்படி அமைந்த வாதத்தையே 'செல்லும் வாதம்' என்கிறோம். முன்கூற்று உண்மையிலேயே உண்மைதானா என்று அது பார்ப்பதில்லை. முன்கூற்றிலிருந்து முடிபுக்குச் செல்லும் வழி அறுபடாமல் இருக்கிறதா என்பதையே பார்க்கிறது.

'மீன்கள் யாவும் பறப்பன. கெண்டை ஒரு மீன். ஆகவே கெண்டை பறக்கும்.' இவ்வாதம் செல்லும். மீன்கள் யாவும் பறப்பது மெய்யாயின் கெண்டையும் பறந்தே ஆகவேண்டும். ஆனால் முதற்கூற்று பொய், முடிபும் பொய். இனி, 'பசுக்கள் யாவும் புல் தின்னும். ஆடு புல் தின்னும். ஆகவே ஆடு ஒரு பசு' என்பதைக் காண்க. முன்கூற்றுகள் இரண்டும் உண்மை. ஆயினும் வாதம் செல்லாது. பசுவல்லாத பிறவும் புல் தின்னக்கூடும் என்பதை அது மறந்துவிட்டது. இதே வாதத்தில் ஆட்டை நீக்கிக் காராம்பசுவை வைத்தால், 'ஆகவே காராம்பசு ஒரு பசு' என்னும் முடிபு உண்மையாகிவிடும். அப்போதும் வாதம் செல்லாததே. முடிபு உண்மையாய் இருப்பதால் மட்டும் வாதம் செல்லுந்தன்மை பெற்றுவிடுவதில்லை.

இதிலிருந்து ஒரு பயன்மிக்க விதி பிறக்கிறது. வாதம் செல்லும், ஆனால் முடிபு பொய் என்றால், முன்கூற்றுகளுள் ஒன்றேனும் பொய்யாய் இருத்தல் வேண்டும். அப்பொய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதே அறிவுடையோர் கடமை.

இந்த ஆராய்ச்சி தமிழுக்குப் புதியதன்று. மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில், காஞ்சி மாநகரில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அளவை முறையை விரித்துரைக்கின்றார். ஏதுவில் நேரும் போலிகளை அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என மூவகைப்படுத்துகின்றார். இவற்றுள் அசித்தம் என்பது காட்டிய காரணம் பொருளினிடத்தே இல்லாதிருக்கும் குற்றம். ஒலி நிலையற்றது, ஏனெனில் அது கண்ணுக்குப் புலப்படுவது என்று ஒருவன் வாதிட்டால், அது அசித்தம். ஒலி நிலையற்றது என்னும் முடிபு பௌத்தர்க்கு உடன்பாடே. ஆயினும் ஒலி கண்ணுக்குப் புலப்படாதாகையால் காரணம் பொய். உடன்பாடான முடிபுக்கும் பொய்க்காரணம் துணையாகாது என்ற நேர்மையை இங்கே காண்கிறோம். ஒலியைப் பற்றிய வாதத்தில் நேர்ந்தால் இது ஏட்டளவில் நின்றுவிடும். மனிதரைப் பற்றிய வாதத்தில் நேர்ந்தால் தலைமுறைகள் அதன் சுமையைத் தாங்க நேரிடும்.

ஒரு பெருக்கற்குறி

டிரெட் ஸ்காட் வர்ஜீனியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். பின்னர் மிசௌரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் நகரில் எமர்சன் என்னும் படை மருத்துவருக்கு விற்கப்பட்டார். அம்மருத்துவர் பணியின் பொருட்டுத் தாம் சென்ற இடங்களுக்கெல்லாம் ஸ்காட்டை உடன் அழைத்துச் சென்றார். முதலில் இல்லினாய் மாநிலம். அங்கு அடிமைமுறை தடைசெய்யப்பட்டிருந்தது. 1836ஆம் ஆண்டில் இன்றைய மின்னசோட்டாவில் உள்ள ஸ்நெல்லிங் கோட்டை. 1820ஆம் ஆண்டின் மிசௌரி உடன்படிக்கைச் சட்டத்தின்படி அந்நிலப்பகுதியிலும் அடிமைமுறை கூடாது. அங்கேதான் ஸ்காட் ஹாரியட் என்னும் பெண்ணை மணந்தார். பின்னர்க் குடும்பம் மிசௌரிக்குத் திரும்பியது. எமர்சன் 1843இல் இறந்தபின், அவர் மனைவியிடம் அடிமைகளாகவே அவர்கள் இருந்தனர்.

1846 ஏப்ரலில் ஸ்காட்டும் ஹாரியட்டும் விடுதலை கோரிச் செயின்ட் லூயிஸ் நீதிமன்றத்தில் தனித்தனியே மனுச்செய்தனர். எழுத்தறியாத அவர்கள் கையொப்பத்திற்குரிய இடத்தில் பெருக்கற்குறி இட்டனர். ஆயினும் அம்மனுக்களில் அடங்கியிருந்த வாதம் மிகத் தெளிவானது. எசமானன் விருப்பத்தால் அடிமையற்ற மண்ணில் வாழ்ந்தவர் விடுதலை பெற்றவராவர். நாங்கள் அவ்வாறு வாழ்ந்தோம். ஆகவே நாங்கள் விடுதலை பெற்றவர்கள். இது புதுமையான வாதமும் அன்று. 1824ஆம் ஆண்டிலேயே வின்னி என்னும் அடிமைப் பெண்ணின் வழக்கில் மிசௌரி உச்ச நீதிமன்றம் இதே நெறியை ஏற்றிருந்தது. 'ஒருமுறை விடுதலை பெற்றவர் என்றும் விடுதலை பெற்றவரே' என்பது அம்மாநிலத்து நீதிமன்றங்களில் நிலைபெற்ற கொள்கையாக விளங்கியது.

1850இல் ஜூரிகள் ஸ்காட் பக்கம் தீர்ப்பளித்தனர். ஆனால் 1852இல் மிசௌரி உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஸ்காட் அடிமையற்ற மண்ணில் வாழ்ந்தார் என்ற செய்தி மாறவில்லை. வாதத்தின் அமைப்பும் மாறவில்லை. அடிமைமுறை பற்றிய பூசல் நாட்டில் முற்றியிருந்த காலம் அது. முன்னைத் தீர்ப்புகள் வழங்கப்பட்ட காலம் வேறு, இக்காலம் வேறு என்று கூறி, கால் நூற்றாண்டுக்கு மேலாகத் தானே ஏற்றுவந்த முன்கூற்றை அந்நீதிமன்றம் கைவிட்டது. எளியவன் ஏறிவந்த ஏணியின் படியை மேலிருப்பவர் உருவிவிடுவது இவ்வகையில்தான்.

டானியின் தீர்ப்பும் கர்ட்டிஸின் மறுப்பும்

வழக்கு கூட்டாட்சி நீதிமன்றம் வழியாக அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1857 மார்ச் 6ஆம் நாள் தலைமை நீதிபதி ரோஜர் டானி தீர்ப்பை வாசித்தார். நீதிபதிகள் எழுவர் ஒருபக்கம், இருவர் மறுபக்கம்.

டானியின் வாதத்தைச் சுருக்கிக் கூறின் இவ்வாறு அமையும். அரசியலமைப்புச் சட்டம் இயற்றப்பட்ட காலத்தில் 'மக்கள்' என்று எண்ணப்பட்டோரும் அவர்தம் வழியினருமே, சட்டப்படி பின்னர்க் குடியுரிமை பெற்ற அயல்நாட்டாருடன் சேர்த்து, நாட்டின் குடிமக்கள். ஆப்பிரிக்க வழிவந்தோர், அடிமையாயினும் விடுதலை பெற்றவராயினும், அக்காலத்தில் மக்களுள் ஒருவராக எண்ணப்படவில்லை. வெள்ளையர் மதித்தாக வேண்டிய உரிமை எதுவும் அற்ற தாழ்ந்தோராகவே கருதப்பட்டனர். ஆகவே அவர்கள் குடிமக்கள் அல்லர். குடிமகன் அல்லாத ஸ்காட் கூட்டாட்சி நீதிமன்றத்தின் படியேறி வழக்கிடவும் முடியாது. இதனோடு நில்லாமல், மிசௌரி உடன்படிக்கையின் தடையும் செல்லாது என்றார். அடிமை ஒருவரது உடைமை. அவ்வுடைமையுரிமையை அரசியலமைப்பே தெளிவாகவும் வெளிப்படையாகவும் உறுதிசெய்கிறது. ஆகவே காங்கிரஸ் அதனைப் பறிக்க இயலாது என்பது அவர் கூற்று.

மேலோட்டமாக நோக்குவார்க்கு இவ்வாதத்தின் கட்டுக்கோப்பு திகைப்பூட்டும். முன்கூற்றுகளை ஒப்புக்கொண்டால் முடிபிலிருந்து தப்ப வழியில்லை. மறுப்புரை எழுதிய நீதிபதி பெஞ்சமின் கர்ட்டிஸ் இதனை நன்கு உணர்ந்திருந்தார். அவர் வெறும் இரக்கவுரை எழுதவில்லை. டானியின் இரண்டாம் முன்கூற்றைத் தேர்ந்தெடுத்து, அது வரலாற்றுச் செய்தியாக உண்மையா என்று வினவினார். விடையைப் பழைய சட்ட ஏடுகளிலிருந்தே எடுத்துக் காட்டினார். அரசியலமைப்புக்கு முற்பட்ட கூட்டிணைப்பு விதிகள் ஏற்கப்பட்ட காலத்திலேயே நியூஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ், நியூயார்க், நியூஜெர்சி, வடகரோலினா ஆகிய 5 மாநிலங்களில், விடுதலை பெற்ற கறுப்பினத்தார் பிறர்க்குரிய தகுதிகளை உடையராயின் வாக்களிக்கும் உரிமை பெற்றிருந்தனர். வாக்களித்து அரசமைத்த மக்களுள் அவர்களும் இருந்தனர் என்றால், அவர்கள் மக்களாக எண்ணப்படவில்லை என்னும் கூற்று என்னாவது? அடித்தளத்துக் கல் உருவப்பட்டது; மாளிகை வானில் தொங்கியது.

எனினும் வாக்குக் கணக்கில் கர்ட்டிஸ் தோற்றார். அதே ஆண்டு செப்டம்பரில் அவர் பதவியைத் துறந்தார். ஸ்காட் குடும்பத்தை, அவருடைய முன்னைய எசமானர் வழியினரான புளோ குடும்பத்தார் 1857 மே 26ஆம் நாள் சட்டப்படி விடுவித்தனர். விடுதலை பெற்ற மனிதராக ஓராண்டுக்குச் சற்று மேல் வாழ்ந்து, 1858 செப்டம்பரில் காசநோயால் டிரெட் ஸ்காட் மறைந்தார்.

லிங்கன் காட்டிய குற்றம்

ஸ்காட் மறைந்த மறுமாதம், 1858 அக்டோபர் 7ஆம் நாள், இல்லினாய் மாநிலத்துக் கேல்ஸ்பர்க் நகரில், செனட் சபைத் தேர்தலையொட்டி நடந்த சொற்போரில் ஆபிரகாம் லிங்கன் பேசினார். திறந்தவெளியில் திரண்டிருந்த பொதுமக்களுக்கு அன்று அவர் அளவையியல் பாடமே நடத்தினார் எனலாம். டானியின் தீர்ப்பிலிருந்து கிளைக்கும் வாதத்தை மூன்று வரிகளில் நிறுத்திக் காட்டினார். அரசியலமைப்பு வெளிப்படையாக உறுதிசெய்த உரிமையை எந்த மாநிலத்தின் சட்டமும் அழிக்க முடியாது. அடிமையை உடைமையாகக் கொள்ளும் உரிமையை அரசியலமைப்பு வெளிப்படையாக உறுதிசெய்துள்ளது. ஆகவே அவ்வுரிமையை எந்த மாநிலத்தின் சட்டமும் அழிக்க முடியாது. இம்முடிபு நிலைத்தால் அடிமைமுறையை ஒழித்துவிட்ட மாநிலங்களிலும் அது மீண்டும் நுழைந்துவிடும் என்பதே அவர் அச்சம்.

அதன்பின் அவர் கூறியதுதான் நாம் ஊன்றி நோக்கத்தக்கது. முன்கூற்றுகளை ஏற்றுக்கொண்டால் இம்முடிபு தவிர்க்கவொண்ணாதது என்பதை அவர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். குற்றம் வாதத்தின் நடையில் இல்லை. முன்கூற்றின் பொய்ம்மையிலேயே இருக்கிறது என்றார். எதிரியின் வாதத்தில் செம்மையாய் உள்ளதைச் செம்மை என்று ஏற்றுக்கொண்டு, பொய் எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரியின்மேல் மட்டும் விரலை வைத்தார். 1860 பிப்ரவரியில் நியூயார்க் நகரில் பேசியபோது அதற்குரிய சான்றையும் விளக்கினார். அடிமை என்ற சொல்லோ அடிமைமுறை என்ற சொல்லோ அன்றைய அரசியலமைப்பில் எங்கும் இல்லை. அடிமைகளைக் குறிக்க நேர்ந்த இடங்களில் எல்லாம் 'ஆள்' என்னும் பொருளுடைய சொல்லே உள்ளது. அங்ஙனமாயின் வெளிப்படையான உறுதி எங்கே? அடிமையாய்ப் பிறந்து, 1838இல் தப்பி வந்து, தம் முயற்சியால் கற்றுப் பேரறிஞராய் உயர்ந்த பிரடெரிக் டக்ளஸும் 1860ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் ஆற்றிய உரையில் சட்டத்தின் சொற்களையே எடுத்துவைத்து வாதிட்டார்.

வரலாற்றை எழுதுவோர் முழுமையும் கூறுதல் வேண்டும். இதே லிங்கன், 1858 செப்டம்பரில் சார்ல்ஸ்டன் என்னும் ஊரில் பேசியபோது, கறுப்பினத்தார்க்கு வாக்குரிமை அளிப்பதைத் தாம் ஆதரிக்கவில்லை என்றும் கூறினார். ஒரு பொய்யைத் துல்லியமாகக் கண்டறிந்த அறிவே வேறொரு பொய்யைச் சுமந்துகொண்டிருந்தது. நமக்கு நன்மை செய்தோர் கூற்றாயினும் ஒவ்வொன்றையும் தனித்தனியே உரைத்துப் பார்த்தல் வேண்டும் என்பதற்கு இது சான்று.

உள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை நடந்தது. 1865இல் 13ஆம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. 1868இல் 14ஆம் திருத்தம், அந்நாட்டின் ஆட்சியெல்லைக்கு உட்பட்டு அங்குப் பிறந்தோர் அதன் குடிமக்களே என்று விதித்து, டானியின் முன்கூற்றைச் சட்ட ஏட்டிலிருந்தே நீக்கியது. வாக்கெடுப்பில் தோற்ற கர்ட்டிஸின் பக்கமே 11 ஆண்டுகளில் நாட்டின் சட்டமாயிற்று.

'சமம்' என்ற சொல்

பழைய பொய் போனதும் புதிய பொய் வந்தது. இரயில் வண்டிகளில் இனவாரியாகப் பெட்டி ஒதுக்கிய லூசியானா மாநிலச் சட்டத்தை எதிர்த்து ஹோமர் பிளெசி தொடுத்த வழக்கில், 1896இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. சமமான வசதியளிக்கும் பிரிவினை சட்டத்திற்கு முரணன்று, இப்பிரிவினை சமமானது, ஆகவே இது முரணன்று. இவ்வாதமும் செல்லும். ஜான் ஹார்லன் என்னும் ஒரே நீதிபதி மறுப்புரை எழுதினார்.

அரை நூற்றாண்டு கழித்து, தர்குட் மார்ஷல் முதலான கறுப்பின வழக்கறிஞர்கள் கர்ட்டிஸ் சென்ற வழியிலேயே சென்றனர். சமம் என்கிறீர்களே, எண்ணிப் பார்ப்போம் என்றனர். ஹீமன் ஸ்வெட் என்னும் அஞ்சல்காரர் டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் 1946இல் இடம் கேட்டார். கறுப்பினத்தார் என்பதால் மறுக்கப்பட்டது. அவர்போன்றோர்க்கெனத் தனியே ஒரு கல்லூரி தொடங்கப்பட்டது. 1950ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இரு கல்லூரிகளின் கணக்கும் பதிவாகியுள்ளது. வெள்ளையர் கல்லூரியில் முழுநேரப் பேராசிரியர் 16 பேர். நூலகத்தில் 65,000 நூல்களுக்கு மேல். மற்றதில் பேராசிரியர் 5 பேர். நூல்கள் ஏறத்தாழ 16,500. 'இது சமமானது' என்ற முன்கூற்று எண்களின் முன்னே நிற்க முடியவில்லை. ஸ்வெட்டுக்கு இடம் கிடைத்தது. பின்னர், 1954ஆம் ஆண்டு பிரவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மேலும் ஒருபடி சென்றது. கட்டடமும் நூலும் ஒத்திருப்பினும், பிரித்துவைத்தலே பிள்ளைகளின் உள்ளத்தில் தாழ்வை விதைப்பதால், கல்வித் துறையில் பிரிவினை ஒருநாளும் சமமாகாது என்று தீர்ப்பளித்தது.

நம்மவர் கைக்கொண்ட நெறி

இவ்வரலாறு நம் நாட்டிற்குத் தொலைவில் நின்றதன்று. மகாத்மா ஜோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' என்னும் நூலை, கறுப்பின மக்களை அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கத் துணைநின்ற அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1913இல் நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயிலச் சென்றார்.

அண்ணல் 1936ஆம் ஆண்டில் லாகூர் மாநாட்டுக்கென எழுதி, அங்குப் பேச இயலாமற்போன 'சாதி ஒழிப்பு' உரையில் இந்நெறியின் முழு வலிமையையும் காணலாம். நாகரிகச் சமுதாயத்திற்குத் தொழிற்பிரிவினை இன்றியமையாதது. சாதி என்பது தொழிற்பிரிவினையே. ஆகவே சாதி இன்றியமையாதது என்று வாதிட்டோர் இருந்தனர். அண்ணல் முதற்கூற்றோடு மல்லுக்கு நிற்கவில்லை. இரண்டாம் கூற்றில் விரலை வைத்தார். சாதி தொழிலை மட்டும் பிரிக்கவில்லை. தொழிலாளரையே பிரித்து, ஒருவர்க்குமேல் ஒருவராக அடுக்கி, பிறப்பால் பூட்டிவைக்கிறது என்று காட்டினார். அத்தோடு அவ்வாதம் சரிந்தது.

இளைஞர்களே! இக்கருவி இருபுறமும் கூர்மை உடையது என்பதையும் மறத்தல் கூடாது. நீதி நம் பக்கம் இருப்பதால் நாம் சொல்லும் வாதம் யாவும் செல்லும் என்று எண்ணிவிடலாகாது. 'சாதியை எதிர்ப்போர் யாவரும் நம் கல்வியை ஆதரிப்பர். மேடையில் இவர் நம் கல்வியை ஆதரித்துப் பேசுகிறார். ஆகவே இவர் சாதியை எதிர்ப்பவர்' என்று நம்பி எத்தனை முறை ஏமாறுகின்றோம்! ஆட்டைப் பசுவாக்கிய அதே வாதமன்றோ இது? எதிரியின் முன்கூற்றைச் சோதிக்கும் கண்ணால் நம் வாதத்தின் நடையையும் சோதித்துக்கொள்வோமாக.

நாவன்மையால் நம்மைத் தாழ்த்தும் வாதத்தைக் கேட்கும்போது அஞ்சவும் வேண்டா. ஆத்திரத்தால் முடிபை மட்டும் மறுத்து அமையவும் வேண்டா. அதனை வரிவரியாகப் பிரித்து, செல்லுமா என்று முதலில் பாருங்கள். செல்லுமாயின், எந்த வரி பொய் என்று தேடுங்கள். அதனைப் பொய் என்று நிறுவச் சட்ட ஏடும், பதிவேடும், கணக்கும் தேவைப்படும். கர்ட்டிஸுக்கு வாக்குரிமைச் சட்டங்கள் கிடைத்தன. ஸ்வெட் வழக்குக்கு நூலகக் கணக்கு கிடைத்தது. நம் ஊரின் நிலப் பதிவுகளையும், பள்ளிச் சேர்க்கைக் கணக்குகளையும், அரசாணைகளையும் படித்துத் தொகுத்து வைத்திருப்பவனே நாளை நம் மக்களுக்காக வாதிட வல்லவன். எழுத அறியாத இருவர் பெருக்கற்குறி இட்டுத் தொடங்கிய வாதம் ஒரு நாட்டின் அரசியலமைப்பையே திருத்தும் வரை சென்றது. எழுதக் கற்றுவிட்ட நம் தலைமுறை அதனினும் குறைந்தது செய்தல் தகுமோ?